ஏற்காடு புரூஸ் ஃபூட்: இறந்தது எங்கே, கல் இருப்பது எங்கே, குடும்பம் யார்?

மலைப்பாதை20 (கேள்வி)

வணக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு சின்னத் தொகுப்பு தயாராகிறது. ஆளுக்கு ஒரு பக்கம்தான். எப்போது வந்தார், என்ன வேலை, எங்கே எப்போது இறந்தார், பெண்டு பிள்ளைகள் யார். முதல் பக்கம் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் கற்கால மனிதரின் கற்கோடரியைக் கண்டெடுத்தவர்.

முதல் பக்கத்திலேயே சிக்கல். ஒரு கட்டுரை "ஏற்காட்டில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்" என்கிறது. இன்னொன்று கல்கத்தாவில் இறந்தார் என்கிறது. ஆனால் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவிடம் இருக்கிறதே, கல்கத்தா எப்படி வந்தது? மாமனார் ஒரு பாதிரியார் என்று ஒற்றை வரி போகிறது, பெயர் இல்லை. "வாழ்நாள் முழுக்க ஏற்காட்டில் வாழ்ந்தவர்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எது சரி, எதைப் பார்த்து உறுதி செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கற்கோடரி

இரண்டு கட்டுரையும் பாதிப் பாதி சரி. ஃபூட் இறந்தது கல்கத்தாவில், 1912 டிசம்பர் 29. அங்கே எரியூட்டினார்கள். அஸ்திதான் ஏற்காட்டுக்கு வந்து ஹோலி டிரினிட்டியில் வைக்கப்பட்டது. ஆகவே "அடக்கம் செய்யப்பட்டார்" என்ற சொல் தப்பு, "ஏற்காட்டில் காலமானார்" அதைவிடப் பெரிய தப்பு. கல்லைப் பார்த்தவுடன் இறந்த ஊர் இதுதான் என்று முடிவு கட்டுவது எல்லாரும் விழும் குழி.

பக்கத்துக்கு வேண்டியவை:

பிறப்பு 1834 செப்டம்பர் 22, இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரம் பரேடு மைதானத்துக்குப் பக்கத்துச் சரளைக் குழியில் முதல் கற்கோடரி. அதே ஆண்டு செப்டம்பர் 28, துறைச் சகா வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் மேலும் கற்கருவிகள். சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த வருடம். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு மாவட்டங்களின் சில பகுதிகளுடைய நில அமைப்பைப் பற்றிக் கிங்கும் ஃபூட்டும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1864-ல் வெளியானது. அதாவது ஓய்வுக்கு இடம் தேடி மலையேறியவர் இல்லை. 30 வயதுக்குள்ளேயே இந்த ஜில்லாவின் பாறையைப் படித்துவிட்டுத்தான் பின்னால் இங்கே வீடு வைத்தார்.

"வாழ்நாள் முழுக்க ஏற்காடு" என்பதை அடித்துவிடுங்கள். 1891 வரை நிலவியல் துறை. அந்த வேலையில் வருடத்தில் பாதி கூடாரத்தில்தான். பிறகு பரோடா சமஸ்தானத்துக்கும் அடுத்து மைசூருக்கும் வேலை செய்தார். ஏற்காட்டில் வீட்டின் பெயர் ஐவி காட்டேஜ். சேகரித்ததையெல்லாம் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் 40,000 ரூபாய்க்கு வாங்கியது. அந்தச் சேகரத்துக்கு அவரே எழுதிய விளக்கப் பட்டியல் 1914-லும் 1916-லும், அவர் இறந்த பிறகுதான் அச்சாகி வந்தது. அட்டையில் 1916 என்று பார்த்துவிட்டு அப்போது உயிரோடு இருந்தார் என்று எழுதியவர்களும் உண்டு.

குடும்பம்: மனைவி எலிசபெத் ஆன். அந்தப் பெயர் தெரியாத பாதிரியார் பீட்டர் பெர்சிவல்! தமிழ் படித்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளை மொழிபெயர்த்தவர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர், 1855-ல் தினவர்த்தமானி என்ற வார இதழை நடத்தியவர், 6,000-க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் வெளியிட்டவர். அவரும் கடைசியில் ஏற்காட்டுக்கு வந்து 1882-ல் இங்கேதான் இறந்தார். மருமகனுக்கு ஏற்காட்டோடு வந்த ஒட்டு பாறையால் மட்டும் வந்ததில்லை, மாமனார் வீட்டாலும் வந்தது. பக்கத்தில் இதை ஒரு வரியாக அமுக்கிவிடாதீர்கள்.

மகன் ஹென்றி, பீரங்கிப் படை லெப்டினன்ட். 1880-களில் கர்நூல் பக்கம் பில்லசர்க்கம் குகைகளைத் தோண்டியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பா பெயரில் சேர்த்துவிடும் வேலைகளில் இதுவும் ஒன்று. பழைய குறிப்பில் வெறுமனே "ஃபூட்" என்றிருந்தால் பட்டத்தைப் பாருங்கள். லெப்டினன்ட் என்றிருந்தால் அது மகன்.


பதிவேட்டுப்புழு

கற்கோடரி சொன்ன விவரம் போதும். உறுதி செய்வது எப்படி என்ற பாதியை மட்டும் எழுதுகிறேன்.

ஆள் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துப் பதிவேடு தேடாதீர்கள். சம்பவம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் வரி ஏறியிருக்கும். கம்பெனி காலம் முதலே சர்ச்சுகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளுக்கு நகல் எடுத்து மாகாணத் தலைநகர் வழியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் மூன்று தொகுதியாக இருக்கின்றன: என்/1 (N/1) வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். ஏற்காட்டுக்காரர் என்பதால் எல்லாரும் முதலில் என்/2-ஐப் புரட்டுவார்கள். ஃபூட் இறந்தது கல்கத்தாவில், ஆகவே என்/2-ல் தேடித் தேடிக் கண்தான் வலிக்கும். வங்காளத் தொகுதிக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு முடிச்சு: எரியூட்டியவர்கள் அடக்கப் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. அடக்கப் பதிவேட்டில் பெயர் இல்லாததை வைத்து "கல்கத்தாவில் இறக்கவில்லை" என்று வாதாட முடியாது. அதற்கு நகராட்சி இறப்புப் பதிவும் அந்த வார நாளிதழின் இறப்பு அறிவிப்பும்தான் சாட்சி.

பெர்சிவலுக்கு நேர்மாறு. 1882-ல் ஏற்காட்டில் இறந்ததால் சென்னைத் தொகுதி. ஆனால் அவர் குடும்பத்தின் யாழ்ப்பாணக் காலத்து வரிகள் இந்த மூன்றிலும் வராது. இலங்கை தனிக் காலனி, கம்பெனி மாகாணம் இல்லை. அங்கே இவர் இருந்தது வெஸ்லியன் மிஷனில், ஆகவே அந்த மிஷன் ஏடுகள்.

எந்த வரியில் என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம். ஞானஸ்நான வரியில் தாய் தந்தை பெயர், தந்தையின் தொழில், குடியிருப்பு. திருமண வரியில் இருவரின் தந்தை பெயரும். "இன்னார் மருமகன்" என்று அடித்துச் சொல்ல இதுதான் ஆதாரம், மற்றதெல்லாம் கேள்விப்பட்டது. அடக்க வரியில் இறந்த நாள், அடக்க நாள் இரண்டும் தனித்தனிக் கட்டம். அவசரத்தில் இரண்டாம் கட்டத்தைப் பார்த்து இறந்த நாள் என்று குறித்துக்கொள்வது வழக்கமான பிழை. ஒரு நாள் முன்பின் இருக்கும் "முரண்" பாதிக்குப் பாதி இதனால் வருவதுதான்.

பெயரை எல்லா எழுத்திலும் தேடுங்கள். ஃபூட், பூட், புரூஸ்புட். பெர்சிவலைத் தமிழில் பார்சிவல், பேர்சிவல் என்றும் எழுதுவார்கள். ஈழத்து நூல்களில் பெரும்பாலும் பேர்சிவல் பாதிரியார்.

நாளைச் சரிபார்க்கக் கிழமையைப் பயன்படுத்துங்கள். 1912 டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை. வேறு கிழமை போட்ட குறிப்பு கிடைத்தால் அதில் தேதியோ கிழமையோ ஒன்று பிசகு.


சார்னோ

கல்லைப் படிப்பது பற்றி. ஏற்காட்டில் பனியும் பாசியும் சேர்ந்து எழுத்தை மூடிவிடும். அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். கம்பி பிரஷ், ஆசிட், சலவைத் தூள், சாக்பீஸ், மைதா மாவு, எதுவும் கூடாது. பளிங்கை ஆசிட் நேரடியாகத் தின்றுவிடும். கருங்கல்லைத் தின்னாது என்று சொல்வார்கள், ஆனால் அதிலுள்ள இரும்பு துருப்பிடித்து மஞ்சள் வடு விழும். சாக்பீஸ் தூள் எழுத்தின் பள்ளத்தில் தங்கி அடுத்த மழையில் கெட்டிப்படும். மாவுக்கு எறும்பும் பூஞ்சையும் வரும்.

வேண்டியது நல்ல தண்ணீர் ஒரு ஸ்பிரே பாட்டிலில், மெத்தென்ற நைலான் பிரஷ், ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் ஒரு முகக் கண்ணாடி. கல்லைப் பேசாமல் நனைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், பாசி ஊறித் தளரும். கீழிருந்து மேலாக மெதுவாகத் தேயுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் கோடாக இறங்கி நின்றுவிடும். பளிங்கு பொரிந்து சர்க்கரை மாதிரி உதிர்ந்தால் பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள், படம் மட்டும். வெயில் நேராக விழுந்தால் எழுத்து மறையும். கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, கல்லின் ஒரு ஓரத்திலிருந்து படுக்கை வாட்டத்தில் பாய்ச்சுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழும். இடம், வலம், மேல் என மூன்று படம். ஒரு கோணத்தில் 3 ஆகத் தெரிவது இன்னொன்றில் 8 ஆக இருக்கும். 1-ம் 7-ம் அப்படியே. மூடுபனி நாளில் கண்ணாடி உதவாது, கைவிளக்கை அதே படுக்கை வாட்டத்தில் பிடிக்க வேண்டும். படத்தில் அளவுப் பட்டையோ ஸ்கேலோ ஒன்று இருக்கட்டும்.

சில பளிங்குப் பலகைகளில் ஈய எழுத்து பதித்திருப்பார்கள். ஈயம் விழுந்துவிட்டால் எழுத்து போய்விட்டது என்று திரும்பி வராதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துக்கொள்ளச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். பக்கத்தில் விழாமல் நிற்கும் அதே எழுத்தின் துளை அமைப்போடு ஒப்பிட்டால் விழுந்த எழுத்தைப் படித்துவிடலாம்.

கல்வெட்டுக்காரர்கள் எடுக்கும் மைப்படி இங்கே வேண்டாம். ஈரக் காகிதம் ஒட்டித் தட்டி மை ஒற்றுவது கோயில் சுவருக்குச் சரி. ஒரு குடும்பத்தின் நினைவுக்கல்லில் மை கசிந்தால் போகாது. போவதற்கு முன் அந்த சர்ச் பாதிரியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கேட்டால் பதிவேட்டைப் பற்றியும் அங்கேயே பேசலாம்.

வயது விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கற்களில் "இத்தனையாவது வயதில்" என்று போடும் வழக்கம் உண்டு. 79-ஆவது வயதில் என்றால் நிறைந்தது 78. ஃபூட்டுக்குக் கணக்குப் போட்டால் 78 வருடமும் மூன்று மாதமும். இதை அறியாமல் 79-ஐக் கழித்துப் பிறந்த ஆண்டை 1833 ஆக்கிவிடுவார்கள்.

கூடவே ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்ற பாறைதான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கல்கத்தா நகரைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் அங்குள்ள கல்லறையின் மேல் கிடக்கும் கல்லிலிருந்து. அந்த வகைப் பாறை சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரத்தில் கிடைப்பது. அதைப் பார்த்துப் பெயர் வைத்தவர் நிலவியல் துறையின் ஹாலண்ட். பல்லாவரத்துப் பாறை கல்கத்தாவில் கல்லறையானது. பல்லாவரத்தில் கோடரி எடுத்தவர் கல்கத்தாவில் இறந்து அதே பாறை மலைக்குத் திரும்பி வந்தார். பக்கத்தில் இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.


மலைப்பாதை20

மூவருக்கும் நன்றி. சார்னாக் கல் கட்டாயம் போகும்.

இரண்டாவது பக்கம் இதைவிடக் கஷ்டம். அதே காலத்தில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக (கணக்கு எழுதுபவராக) இருந்த தமிழர். பெயரைப் பொதுவில் போடவில்லை. கையில் இருப்பது இவ்வளவுதான்: பூர்வீகம் ஓமலூர்ப் பக்கம், "பரிதாபி வருஷம் மார்கழியில்" இறந்தார், வயது எழுபது இருக்கும், தாது வருஷப் பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், பிறகு ஞானஸ்நானம் வாங்கியதாகவும் சொல்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். துரைமாருக்கு லண்டனில் ஏடு இருக்கிறது. இவருக்கு எங்கே போவது?


பதிவேட்டுப்புழு

லண்டன் வேண்டாம், சேலமே போதும்.

முதலில் வருஷம். பரிதாபி 60 வருடத்துக்கு ஒரு முறை வரும்: 1852-53, 1912-13, 1972-73. ரைட்டர் என்றால் நடுவில் இருப்பது. (வேடிக்கை பாருங்கள், ஃபூட் இறந்ததும் அதே பரிதாபி மார்கழிதான்.) தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் ஆங்கில ஆண்டில் இரண்டாகப் பிளக்கும். மார்கழியின் முதல் பாதி 1912 டிசம்பர், பின்பாதி 1913 ஜனவரி. 1912 பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு "இல்லை" என்று வந்துவிட வேண்டாம். தை முதல் பங்குனி வரை என்றிருந்தால் முழுக்கவே 1913-க்குப் போயிருக்கும்.

வயதுக் கணக்கு ஒத்துப்போகிறதா பாருங்கள். எழுபது என்றால் 1842-ஐ ஒட்டிப் பிறப்பு. தாது வருஷம் 1876-77, அப்போது 34 வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பொருந்துகிறது. அந்தக் காலத்து வயதெல்லாம் ஐம்பது, அறுபது, எழுபது என்று பத்தில் போய் நிற்கும். முன்பின் ஐந்து வருடம் தள்ளிப் படியுங்கள்.

இறப்புப் பதிவு. 1899-ஆம் ஆண்டு சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் எல்லாக் கிராமத்துக்கும் ஒரே நாளில் கட்டாயமாகவில்லை, பகுதி பகுதியாக விரித்தார்கள். கிராமத்தில் எழுதியவர் முன்சீப், அதாவது நம்ம மணியக்காரர். சேலம் 1866 முதல் நகராட்சி என்பதால் நகரத்துக்குத் தனி ஏடு. ஆகவே மூன்று இடம்: ஏற்காடு, அவர் பூர்வீகக் கிராமம், சேலம். மூன்றாவதை ஏன் சொல்கிறேன் என்றால், மலையில் படுத்தவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கி அங்கே உயிர் போயிருந்தால் வரி சேலம் நகராட்சியில்தான். பழைய கிராம ஏடுகளை இப்போது சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுக்கா அலுவலகத்திலும் கேட்க வேண்டும். சேலம் நகருக்கு மாநகராட்சி. மனுவில் பெயர், தகப்பன் பெயர், ஊர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதுங்கள். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும். ஒரே ஆண்டைக் குறிப்பிட்டால் அந்த ஒரே கட்டைத்தான் பார்ப்பார்கள். இல்லை என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல் "பதிவில் இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள், அடுத்த அலுவலகத்தில் காட்ட உதவும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஏட்டில் இறப்புக் காரணத்துக்குக் கட்டம் இருந்தாலும் நகலில் அது வராது. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எடுத்துத் தரும் நகலில் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. எழுத்தரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கட்டத்தில் பெரும்பாலும் "காய்ச்சல்" என்றுதான் இருக்கும், மணியக்காரருக்குத் தெரிந்த வியாதி அதுதான்.

1980-ல் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது ஏடுகள் கைமாறின. அப்போது சிதறிய கட்டு பழைய மணியக்காரர் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். விசாரிப்பதில் தப்பில்லை.

ஞானஸ்நானம் வாங்கினாரா என்ற வழக்குக்கு: லண்டன் மிஷன் சபை சேலத்தில் 1820-களிலிருந்தே இருந்தது, அது இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கத்தோலிக்கர் என்றால் ஏட்டின் மூலப்படி எங்கே என்பதில் குழப்பம் வரும், ஏனென்றால் சேலம் மறைமாவட்டமே 1930-ல்தான் பிறந்தது. அதற்கு முந்தியது புதுச்சேரி, கும்பகோணம் நிர்வாகம். முதலில் பங்குத்தந்தையிடம், பிறகு ஆயர் இல்லம். பழைய ஏடு லத்தீனில் இருக்கும். அதில் ராயப்பன் பெத்ருஸ் ஆகியிருப்பார், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ், சூசை யோசேபுஸ். தமிழ்ப் பெயரிலேயே தேடினால் கண் முன்னால் இருப்பவரைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.


கச்சேரிக்காரன்

சொத்து வழியை விட்டுவிட்டார்கள். ரைட்டர் வேலை பார்த்தவர் காலி மனையாவது வாங்கியிருப்பார். பத்திரப் பதிவு நம் மாகாணத்தில் 1865-லிருந்து இருக்கிறது. இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட வேண்டாம், இந்தக் காலத்துக்கு அது எட்டாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கைத்தேடல் மனு கொடுங்கள். 1-ஆம் அட்டவணை ஆள் பெயர் வரிசை, 2-ஆம் அட்டவணை சொத்து வரிசை. சர்வே எண் தெரியாத உங்களுக்கு முதலாவதுதான் கதவு. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் அதில் வரும். உயில் 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்துவிட்டால் யாரும் நகல் கேட்கலாம். சேலம் போன்ற வெளியூரில் இந்துக்களின் உயிலுக்குக் கோர்ட்டில் புரொபேட் (உயில் செல்லும் என்ற சான்று) எடுக்கும் கட்டாயம் கிடையாது, ஆகவே கோர்ட்டில் தேடி நேரம் கழிக்க வேண்டாம். சேலம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தையும் கேளுங்கள். கீழ் அலுவலகத்துப் பத்திரத்தை நேரடியாக அவரே பதியச் சட்டத்தில் இடம் உண்டு.

பழைய கையெழுத்தில் தடுக்கும் இடங்கள்: புள்ளி இருக்காது. எ, ஏ ஒரே கொம்பு. ர-வும் காலும் ஒரே கோடு. தமிழ் எண் வந்தால் ௧ க மாதிரி, ௫ ரு மாதிரி, ௬ சு மாதிரி, ௮ அ மாதிரி, ௰ ய மாதிரி. ௲௯௱௰௨ என்றால் 1912. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். ௸ என்ற சுழி வந்தால் "மேற்படி". அதை ஒரு பெயராகப் படித்துக் குடும்பத்தில் புது ஆளைச் சேர்த்துவிட வேண்டாம்.

பத்திரத்தின் நான்கு எல்லையை மறக்காமல் பிரதி எடுங்கள். "இன்னார் வீட்டுக்கு மேற்கு" என்று வருகிற இன்னார் பாதி நேரம் பங்காளிதான்.


மொய்நோட்டு

குடும்பத்தைக் கட்டுவதற்கு அரசாங்க ஏட்டை விட வீட்டு ஏடு மேல். மூன்று கேளுங்கள்.

ஒன்று மொய் நோட்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தனித்தனியாக இருக்கும். வரிசை சும்மா வராது; தாய்மாமன் முதலில், பிறகு சம்பந்தி, பங்காளி. ஊர்ப் பெயரோடு எழுதியிருப்பார்கள் என்பதால் பெண் எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு, உத்தரகிரியைப் பத்திரிகை. மகன், மகள், மருமகன், பேரன் எல்லார் பெயரும் வயது வரிசையில் ஒரே தாளில். மூன்று, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு. ஒரு பெயர் எந்த வருடம் நோட்டில் ஏறுகிறது, எந்த வருடம் மறைந்து மகன் பெயர் வருகிறது என்று பார்த்தால் கல்யாணமும் சாவும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பிடிபடும். இந்த நோட்டில் பெண்கள் இல்லை. அதற்கு மொய் நோட்டுதான் துணை.

பெரியவர்களிடம் "தாத்தா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்பாரா, அப்புச்சியா என்று கேளுங்கள். நம்ம பக்கம் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா, அந்த ஒரு சொல்லில் பாதி மரம் தீர்ந்துவிடும். "தம்பி" என்று சொன்னால் கூடப்பிறந்தவரா, சித்தப்பா மகனா என்று உடனே கேட்டுக் குறியுங்கள்.

பெரிய ஆபத்து பெயரன். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம், முதலெழுத்தும் ஒன்று விட்டு ஒன்று அப்படியே திரும்பும். ராமசாமி மகன் கந்தசாமி, அவர் மகன் ராமசாமி. இருவருக்கும் நடுவில் ஐம்பது வருடம்தான். அறுபது வருடம் பத்திரம் எழுதி, எண்பத்தைந்து வயதில் பிள்ளை பெற்ற "ஒரே ராமசாமி" உங்கள் கணக்கில் தட்டுப்பட்டால் அது இரண்டு ராமசாமி. தகப்பன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்து பொருந்தாமல் எந்த வரியையும் அவர் பெயரில் ஏற்றாதீர்கள்.


மலைப்பாதை20

ரைட்டர் பக்கத்துக்கு ஓமலூரில் தலைக்கட்டு நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம், பிறகு 1912, 1913 இரண்டுக்கும் மனு.

ஃபூட் பக்கத்தின் கடைசிப் பத்தியை இப்படி வைத்திருக்கிறோம், பாருங்கள்: "1912 டிசம்பர் 29, ஞாயிறு அன்று கல்கத்தாவில் தம் 78-ஆவது வயதில் காலமானார். அங்கே எரியூட்டப்பட்டு, அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் வைக்கப்பட்டது. மாமனார் பீட்டர் பெர்சிவல் 30 ஆண்டுக்கு முன் இதே ஊரில் இறந்தவர்."


சார்னோ

78-ஆவது இல்லை. "78 வயது நிறைந்து" அல்லது "79-ஆவது வயதில்". மற்றது சரி.